சென்னை டைனோவில் 128, பெங்களூரு டைனோவில் 141: என் வண்டிக்கு எத்தனை எச்பி?

2 ஜூலை 2023, காலை. வாசகர் கேள்வி

அண்ணா, என்னிடம் இருப்பது ஃபோக்ஸ்வாகன் போலோ 1.0 டிஎஸ்ஐ, டர்போ பெட்ரோல், ஆறு கியர் மேனுவல். மே மாதம் சென்னையில் ஸ்டேஜ் ஒன் ரீமேப் (பாகம் எதையும் மாற்றாமல் இன்ஜின் கம்ப்யூட்டரின் ஃபைலை மட்டும் மாற்றுவது) செய்தேன். அங்கேயே டைனோவில் (ரோலர்மேல் வண்டியை ஓட்டிப் பலத்தை அளக்கும் இயந்திரம்) ஏற்றிப் பார்த்ததில் வீலில் 128 எச்பி வந்தது. போன வாரம் பெங்களூரு போயிருந்தேன். அங்கே ஒரு டியூனர் ஃபைலைப் பார்த்துவிட்டு, இன்னும் கொஞ்சம் எடுக்கலாம் என்று மாற்றிக் கொடுத்தார். அவருடைய டைனோவில் 141. ஒரே வண்டி, ஒரே டர்போ, 13 எச்பி கூடுதல். சென்னைக்காரர் என்னை ஏமாற்றிவிட்டாரா? அவரிடம் பணத்தைத் திருப்பிக் கேட்கலாம் என்று இருக்கிறேன்.

2 ஜூலை 2023, இரவு

தம்பி, பணம் கேட்க இன்னும் கிளம்பாதீர்கள். இரண்டு தாளையும் எடுத்து மூலையில் இருக்கும் பொடி எழுத்தைப் படியுங்கள். எஸ்ஏஇ என்று இருக்கிறதா, எஸ்டிடி என்று இருக்கிறதா? கரெக்‌ஷன் ஃபேக்டர், அதாவது அன்றைய காற்றுக்கு ஈடு கட்ட அளந்த எண்ணைப் பெருக்கும் எண், எவ்வளவு? வெப்பநிலை, காற்றழுத்தம், எந்த கியரில் இழுத்தார்கள்? இவை தெரியாமல் 128க்கும் 141க்கும் பேச்சே இல்லை.

என்னைப் பற்றி ஒரு வரி. கோவையில் ஒரு பம்ப்செட் கம்பெனியின் டெஸ்ட் பெஞ்சில் இருபது வருடத்துக்கு மேல் வேலை. மோட்டார் எத்தனை எச்பி என்று அளந்து சொல்வதுதான் பிழைப்பு. கார் டைனோ பிற்பாடு வந்த பைத்தியம்.

எஸ்டிடி என்று இருந்தால் அதுவே நாலு சதவீதம் சாப்பிட்டுவிடும். எஸ்ஏஇ ஜே1349 என்பது 25 டிகிரி வெப்பமும் 990 மில்லிபார் உலர்ந்த காற்றழுத்தமும் இருந்தால் இந்த இன்ஜின் எவ்வளவு தரும் என்று கணக்குப் போட்டுச் சொல்வது. எஸ்டிடி என்பது பழைய அமெரிக்கக் கணக்கு: சுமார் 15 டிகிரி, 1013 மில்லிபார். குளிர்ந்த, கனத்த காற்றைக் கற்பனை செய்துகொள்வதால் எண் பெரிதாக வரும். 128ஐ எஸ்டிடிக்கு மாற்றினால் 133 ஆகிவிடும், வண்டியைத் தொடாமலே.

வீல் எண்ணிலிருந்து கிராங்க் எண் (இன்ஜினே தருவது) வேண்டுமென்றால் 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள், போதும்.

4 ஜூலை 2023

தம்பி படங்கள் அனுப்பினார். இரண்டுமே எஸ்ஏஇ, இரண்டுமே நாலாவது கியர். நல்லது. ஆனால் கரெக்‌ஷன் ஃபேக்டரைப் பாருங்கள்.

சென்னை, மே மாதப் பிற்பகல், 34 டிகிரி: 1.04.
பெங்களூரு, ஜூன் மாதக் காலை, 24 டிகிரி: 1.13.

அதாவது பெங்களூரில் இயந்திரம் அளந்த எண்ணை 1.13ஆல் பெருக்கித்தான் 141 வந்திருக்கிறது. பெருக்காத எண் என்ன? 125. சென்னையில் பெருக்காத எண் 123. அவ்வளவுதான் தம்பி. பதின்மூன்றில் பதினொன்று கால்குலேட்டர் கொடுத்தது.

1.13 எங்கிருந்து வந்தது என்றால், பெங்களூரு கடல் மட்டத்திலிருந்து 900 மீட்டருக்கு மேலே இருக்கிறது. அங்கே காற்றழுத்தம் 910 மில்லிபார் சுற்றுவட்டத்தில்தான் இருக்கும். சென்னையில் ஆயிரத்துக்குப் பக்கம். மெலிந்த காற்றில் இன்ஜின் குறைவாகத்தான் தரும், அதற்கு ஈடு கட்டுவோம் என்று கணக்கு நினைக்கிறது. டர்போ இல்லாத வண்டிக்கு இது நியாயம். அது வெளிக்காற்று கொடுப்பதைத்தான் குடிக்க முடியும்.

டர்போ வண்டி அப்படி இல்லை. அதில் காற்றை அழுத்தி உள்ளே தள்ள ஒரு விசிறி இருக்கிறது. இன்டேக் மேனிஃபோல்டில் (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாய்) எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்று ஈசியுவில் (இன்ஜின் கம்ப்யூட்டர்) ஒரு இலக்கு எழுதியிருக்கிறது. வெளியே காற்று மெலிந்தால் வேஸ்ட்கேட்டை (டர்போவைச் சுற்றாமல் புகையை வெளியே விடும் கதவு) இன்னும் கொஞ்சம் மூடி, டர்போவை வேகமாகச் சுற்றவிட்டு, அதே இலக்கைப் பிடித்துவிடும். டர்போவுக்கு மூச்சு இருக்கும்வரை வண்டி தானாகவே ஈடு கட்டிவிட்டது. அப்புறம் டைனோவின் கணக்கு இன்னொரு முறை ஈடு கட்டுகிறது. ஒரே கடனை இரண்டு முறை வசூலிப்பது போல.

இன்னொன்று. ஐரோப்பாவில் வண்டிக்கு அனுமதி கொடுக்கும்போது பின்பற்றும் இசிஇ ஆர்85 விதியில், கரெக்‌ஷன் ஃபேக்டர் 0.93க்கும் 1.07க்கும் நடுவே இருக்க வேண்டும் என்று எல்லை போட்டிருக்கிறார்கள். அதைத் தாண்டினால் சோதனை அந்த வரம்புக்கு வெளியே போய்விட்டது என்று அர்த்தம். பெங்களூரு தாளில் இருப்பது 1.13. டைனோ மென்பொருள் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை, பெருக்கித் தந்துவிட்டது.

5 ஜூலை 2023

நேற்று எழுதியதைக் காலையில் திரும்பப் படித்தேன். அவசரப்பட்டிருக்கிறேன். 123, 125 இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததும் முடிவு கட்டிவிட்டேன். ஆனால் அவை இரண்டு வெவ்வேறு இயந்திரங்கள். சென்னையில் இருப்பது சுமை ஏற்றும் டைனோ, ரோலரைப் பிடித்து நிறுத்தி அளப்பது. பெங்களூரில் இருப்பது இனர்ஷியா டைனோ, கனத்த உருளையை வண்டி எவ்வளவு சீக்கிரம் சுழற்றிவிடுகிறது என்று பார்ப்பது. ஒன்று கூட்டிக் காட்டும் குணம் உடையதாகவும் இன்னொன்று குறைத்துக் காட்டும் குணம் உடையதாகவும் இருந்து, எண்கள் தற்செயலாகப் பொருந்தியிருக்கலாமே.

இதைப் பிரிக்க ஒரு உரைகல் வேண்டும். டர்போ இல்லாத ஒரு வண்டி, இரண்டு டைனோவிலும் ஏறியது. அது என் வீட்டிலேயே நிற்கிறது. போன வருடத் தாள்களைத் தேடி எடுத்து எழுதுகிறேன்.

9 ஜூலை 2023, ஞாயிறு

தாள்கள் கிடைத்துவிட்டன. வண்டி ஹோண்டா சிட்டி 1.5 ஐ-விடெக் பெட்ரோல், மேனுவல். கம்பெனி சொல்வது 6600 ஆர்பிஎம்மில் 119 பிஎஸ் (எச்பியைவிடச் சற்றுச் சின்ன அலகு). என்ஜினில் எதையும் மாற்றவில்லை, ஏர் ஃபில்டர்கூட ஒரிஜினல். இதை 2022இல் மூன்று ஊர்களில் டைனோவில் ஏற்றினேன். வீட்டில் திட்டு வாங்கித்தான் ஏற்றினேன், ஆனால் எனக்கு அது தெரிந்தே ஆகவேண்டும் என்று இருந்தது.

சென்னை, ஏப்ரல். இதே டைனோ, தம்பியுடைய வண்டி ஏறியது. பெருக்காத எண் 98. கரெக்‌ஷனுக்குப் பிறகு 102.

பெங்களூரு, ஆகஸ்ட். இதுவும் அதே டைனோ. பெருக்காத எண் 88. கரெக்‌ஷனுக்குப் பிறகு 99.

கோவை, செப்டம்பர். இது இரட்டைச் சின்ன ரோலர் டைனோ. கரெக்‌ஷனுக்குப் பிறகு வீலில் 94. இழுத்து முடித்ததும் கிளட்சை மிதித்து வண்டியை அப்படியே ஓடவிடச் சொன்னார்கள். ரோலர் தானாக நிற்கும் வேகத்தை வைத்து டயரும் கியர்பாக்ஸும் எவ்வளவு தின்கின்றன என்று கணக்கிட்டு, 21ஐக் கூட்டி, இன்ஜின் பவர் 115 என்று தாள் கொடுத்தார்கள்.

இப்போது சென்னையையும் பெங்களூரையும் மட்டும் பாருங்கள். பெருக்காத எண்ணில் பத்து எச்பி வித்தியாசம். மலைமேட்டு ஊரில் டர்போ இல்லாத வண்டி நிஜமாகவே பத்து எச்பியை இழந்தது, அன்று ஓட்டும்போதே தெரிந்தது. கரெக்‌ஷன் போட்டதும் 102க்கும் 99க்கும் வந்து நின்றது. மூன்று சதவீதம். ஆக அந்த இரண்டு டைனோவும் பெரிய சண்டை போடவில்லை. பெங்களூரு இயந்திரம் மூன்று சதவீதம் கஞ்சத்தனம், அவ்வளவே. கணக்கு டர்போ இல்லாத வண்டியிடம் ஒழுங்காக நடந்துகொள்கிறது. டர்போ வண்டியை ஏற்றியதும்தான் 141 என்று துள்ளுகிறது.

எனவே 4ஆம் தேதி சொன்ன முடிவு சரி. ஆனால் அன்று அது சரியாக இருந்தது அதிர்ஷ்டம், இன்றுதான் காரணம் கையில் இருக்கிறது.

10 ஜூலை 2023

முதல் நாள் இரவு, 15 சதவீதம் கூட்டிக்கொள்ளுங்கள் என்று எழுதியிருந்தேன். அதைத் திரும்பப் பெறுகிறேன். யாரும் அதை வைத்துக் கணக்குப் போடாதீர்கள்.

நான் ஏன் அதை நம்பினேன் என்று நேற்றுத் தாள்களைப் பார்க்கும்போது புரிந்தது. சென்னையில் 102 வந்தது. 15 சதவீதம் கூட்டினால் 117. கம்பெனி சொல்லும் 119 பிஎஸ் என்பது பிஎச்பியில், அதாவது நம் எச்பியில், 117. அப்படியே பொருந்தியதும் மனம் நிறைந்துவிட்டது, மேலே யோசிக்கவில்லை. அதே 15ஐக் கோவையின் 94இல் கூட்டினால் 108தான். பெங்களூரில் 114. அதே இன்ஜின்தானே?

கணக்கிலும் ஓட்டை இருக்கிறது. இன்ஜின் கொடுப்பதில் 15 சதவீதம் வழியில் போகிறது என்றால் 102ஐ 0.85ஆல் வகுக்க வேண்டும். 120 வரும். 15 சதவீதம் கூட்டுவதும் 15 சதவீதம் இழப்பதும் ஒன்றில்லை. டெஸ்ட் பெஞ்சில் இதைத் தப்பாகப் போட்டால் சூப்பர்வைசர் தாளைக் கிழித்துக் கையில் கொடுப்பார்.

அதைவிடப் பெரிய விஷயம், இந்த இழப்பு ஒரே சதவீதமாக நிற்பதில்லை. டயர் உருளும் இழுவை, கியர்பாக்ஸ் ஆயிலைக் கலக்குவதற்கு ஆகும் சக்தி இவையெல்லாம் வேகத்தைப் பொறுத்தவை. ரீமேப் செய்து 30 எச்பி கூட்டினால் ஆயில் கூடுதலாகக் கலங்கப் போவதில்லை. பல் சக்கரங்கள் அழுத்தி உரசுவதால் வரும் இழப்பு மட்டும்தான் சுமையோடு ஏறும். கோவை டைனோவில் கிளட்சை மிதித்து அளந்தார்களே, அதிலும் இந்தச் சுமை இழப்பு முழுதாகத் தெரியாது, ஏனென்றால் அப்போது இன்ஜின் தள்ளவில்லை. அதனால் 115ஐயும் வேதவாக்காக எடுக்க வேண்டாம்.

வீல் எண்ணை வீல் எண்ணாகவே பேசுங்கள்.

16 ஜூலை 2023

டீசல் வண்டி வைத்திருக்கும் ஒருவர் தனக்கும் இந்தப் பெங்களூரு போனஸ் கிடைக்குமா என்று கேட்டிருந்தார். சரியான கணக்குப் போட்டால் கிடைக்காது. அதே ஆர்85 விதியில் டர்போ டீசலுக்குத் தனி சூத்திரம் உண்டு. காற்றழுத்த விகிதத்தை முழுதாக எடுக்காமல் 0.7 அடுக்குக்கு எடுத்து, அதையும் இன்னொரு முறை சுருக்குகிறார்கள். பெங்களூரில்கூட சில சதவீதத்தோடு நின்றுவிடும். பெட்ரோலுக்கு மட்டும் டர்போ இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒரே சூத்திரம். டீசல் வண்டியை ஏற்றிவிட்டு மென்பொருளில் பெட்ரோல் எஸ்ஏஇயை மாற்றாமல் விட்டிருக்கிறார்களா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

23 ஜூலை 2023

இரண்டு வகை டைனோவில் எது நிஜம் சொல்லும் என்று பலரும் கேட்கிறீர்கள். இது எனக்குப் பிடித்த இடம், கொஞ்சம் நீளமாகப் போகும்.

பாலிடெக்னிக் படித்தவர்களுக்கு ரோப் பிரேக் நினைவிருக்கும். கிர்லோஸ்கர் இன்ஜின், ஓரத்தில் டிரம், அதைச் சுற்றிக் கயிறு, கயிற்றின் ஒரு முனையில் எடைக்கல், மறுமுனையில் ஸ்பிரிங் தராசு. டிரம் சூடாகிவிடும், வாளியில் தண்ணீர் ஊற்றுவோம். பிரான்சில் ப்ரோனி 1821இல் மரக்கட்டையை இறுக்கிச் செய்ததும், இங்கிலாந்தில் ஃப்ரூட் 1877இல் தண்ணீரை வைத்துச் செய்ததும் இதே வேலைதான்: சுழல்வதைப் பிடித்து நிறுத்து, நிறுத்த எவ்வளவு பலம் தேவைப்பட்டது என்று நிறு. இன்று கயிற்றுக்குப் பதில் எட்டி கரண்ட் பிரேக் (காந்தத்தால் பிடிப்பது), தராசுக்குப் பதில் லோட் செல் (பலத்தை அளக்கும் சென்சார்).

இதன் பலம், சோதித்துப் பார்க்கலாம் என்பது. சரியாக ஒரு மீட்டர் நீளக் கையைப் பொருத்தி, 20 கிலோ எடைக்கல்லைத் தொங்கவிட்டால் திரையில் 196 நியூட்டன் மீட்டர் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் காட்டும்வரை சரிசெய்ய வேண்டும். எங்கள் பெஞ்சில் இதைத் தவறாமல் செய்வோம். கார் டைனோ வைத்திருக்கும் கடைக்குப் போனால் நான் முதலில் கேட்பது இதைத்தான்: கடைசியாக எப்போது கல் தொங்கவிட்டீர்கள்? முகத்தைப் பார்த்தாலே பதில் தெரிந்துவிடும்.

பலவீனமும் அங்கேதான். லோட் செல் நகர்ந்துவிடும், பிரேக் சூடாகும். எவ்வளவு வேகமாக ஆர்பிஎம்மை ஏறவிட வேண்டும் என்பதை ஆபரேட்டர் தீர்மானிக்கிறார். மெதுவாக ஏற்றினால் டர்போ முழு பூஸ்ட் (அழுத்தம்) பிடிக்க நேரம் கிடைக்கும், கூடவே அந்தக் காற்றைக் குளிரவைக்கும் இன்டர்கூலரும் சூடாகும்.

இனர்ஷியா டைனோவில் நகர்வதற்கு எதுவும் இல்லை. உருளையின் எடை நேற்றும் இன்றும் ஒன்றே. அதனால் போன வருடத் தாளையும் இந்த வருடத் தாளையும் தைரியமாகப் பக்கத்தில் வைக்கலாம். ஆனால் அது உருளை வேகமெடுப்பதை மட்டுமே பார்க்கிறது. உங்கள் ஃப்ளைவீல், அலாய் வீல், டயர் இவையும் வேகமெடுக்க சக்தியைத் தின்கின்றன, அது கணக்கில் வராது. மூன்றாவது கியரில் இழுத்தால் இன்ஜின் விறுவிறுவென்று ஏறும், உள்ளுக்குள்ளேயே நிறையச் செலவாகும், எண் குறையும். நாலாவதில் கூடும். சிட்டிக்கு 15 இஞ்சிலிருந்து கனமான 17 இஞ்ச் அலாய் மாட்டி ஆசைக்கு ஒருமுறை ஏற்றினேன், 3 எச்பி குறைந்தது. இன்ஜினில் ஒன்றும் குறையவில்லை. அடுத்த வாரமே பழைய வீலை மாட்டிவிட்டேன்.

ஆக எது நிஜம்? என் பார்வையில் இரண்டும் தராசுதான். ஒரே தராசில் நிறுத்தால் கத்தரிக்காய்க்கும் வெண்டைக்காய்க்கும் வித்தியாசம் தெரியும். இரண்டு கடைத் தராசில் நிறுத்துவிட்டு எந்தக் காய் கனம் என்று வாதாடக் கூடாது.

6 ஆகஸ்ட் 2023

கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கும் எண் மட்டும் நிஜமா என்று ஒருவர் கேட்டார். இப்போது பெரும்பாலும் நிஜம். எப்போதும் அப்படி இருக்கவில்லை.

அமெரிக்காவில் 1971 வரை கிராஸ் எச்பி என்று சொல்வார்கள். இன்ஜினை வெளியே எடுத்து, ஏர் ஃபில்டர் இல்லாமல், சைலன்சர் இல்லாமல், ஆல்டர்னேட்டர் சுமை இல்லாமல் பெஞ்சில் ஓட்டி அளந்த எண். 1972இலிருந்து எல்லாவற்றையும் மாட்டி அளக்கும் நெட் எண்ணுக்கு மாறினார்கள். கார்வெட்டின் 454 இன்ஜின் 1971இல் 365 என்று இருந்தது, 1972இல் 270 ஆனது. புகைக் கட்டுப்பாட்டால் அந்தக் காலத்து இன்ஜின்கள் தளர்ந்ததும் உண்மை. ஆனால் இந்த வீழ்ச்சியில் பெரும்பங்கு அளக்கும் முறை மாறியதால் வந்தது.

1999இல் ஃபோர்டு மஸ்டாங் கோப்ராவுக்கு 320 என்று சொன்னது. வாங்கியவர்கள் டைனோவில் ஏற்றிப் பார்த்தார்கள், வீலில் வர வேண்டியது வரவில்லை. ஒருவர் இருவர் என்றால் டைனோ சரியில்லை என்று தள்ளிவிடலாம். ஊர் ஊராக, வேறு வேறு டைனோவில் அதே குறை தெரிந்தது. கடைசியில் கம்பெனியே ஒப்புக்கொண்டு வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டு இன்டேக், எக்ஸாஸ்ட் பாகங்களை மாற்றிக் கொடுத்தது. 2000ஆம் ஆண்டு மாடலாக வழக்கமான கோப்ரா வரவே இல்லை. மாஸ்டா எம்எக்ஸ்-5க்கு 2001இல் 155 என்று சொல்லி, பிறகு 142 என்று திருத்தி, வேண்டாம் என்பவர்களிடம் வண்டியைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகவும் சொன்னார்கள்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. நான் டைனோவைக் குறை சொல்லிக்கொண்டே போவதால் டைனோ வீண் என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. சாதாரண ஆள் ஒரு பெரிய கம்பெனியிடம் இது பொய் என்று காட்ட முடிந்தது டைனோ இருந்ததால்தான்.

பிஎஸ், பிஎச்பி குழப்பத்தையும் இங்கேயே முடித்துவிடுகிறேன். ஒரு பிஎஸ் என்பது 735.5 வாட், ஒரு எச்பி 745.7 வாட். ஒன்றரை சதவீதத்துக்குள்தான் வித்தியாசம். ஆனால் 110 பிஎஸ் என்பதை 110 பிஎச்பி என்று எழுதிவிட்டு, வராத ஒன்றரை எச்பியைத் தேடி இன்ஜெக்டரைக் கழற்றியவரை எனக்குத் தெரியும்.

20 ஆகஸ்ட் 2023

ஊட்டி போய்விட்டு வந்தேன். 2240 மீட்டர், காற்றழுத்தம் 780 மில்லிபார் பக்கம். சிட்டி அங்கே ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் பலத்தைக் கீழே விட்டுவிட்டுத்தான் நிற்கிறது. குன்னூர் தாண்டியதும் மூன்றில் போகிற இடத்தில் இரண்டைப் போடச் சொல்லும்.

அப்பாவின் பத்மினி காரில் சின்ன வயதில் இதே பாதையில் போயிருக்கிறேன். கார்புரேட்டருக்குக் காற்று மெலிந்தது தெரியாது. பெட்ரோலை மட்டும் கிட்டத்தட்டக் கீழே கொடுத்தது போலவே கொடுத்துக்கொண்டிருக்கும். மேலே ஏற ஏற பெட்ரோல் வாடை, பின்னால் கறுப்புப் புகை. அப்பா பாதி வழியில் நிறுத்தி, வண்டிக்கும் மூச்சு வாங்குது, கொஞ்சம் நிற்கட்டும் என்பார். கரெக்‌ஷன் ஃபேக்டர் என்று அவர் கேள்விப்பட்டதே இல்லை. ஆனால் அவர் சொன்னது அதைத்தான். அந்த வண்டியின் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

3 செப்டம்பர் 2023

ஒரு கடையில் கண்டது. எந்த ஊர், எந்தக் கடை என்பது வேண்டாம்.

வெப்பம், அழுத்தம், ஈரப்பதம் அளக்கும் சின்னப் பெட்டியைச் சுவரில் மாட்டியிருந்தார்கள். மாட்டிய இடம், வண்டியின் முன்னால் நிற்கும் பெரிய ஃபேனின் காற்று ரேடியேட்டர் வழியாகச் சூடாகி வந்து மோதுகிற மூலை. வெளியே 32 டிகிரி, பெட்டி 45 காட்டியது. கணக்கு பாவம், இன்ஜின் 45 டிகிரிக் காற்றைக் குடிக்கிறது என்று நினைத்து எண்ணை இரண்டரை சதவீதம் போல ஏற்றிக் கொடுத்தது. இன்ஜின் குடித்ததோ பம்பருக்கு முன்னாலிருந்த 32 டிகிரிக் காற்றை. 130 எச்பி வண்டிக்கு 3 எச்பி சும்மா. கடைக்காரரிடம் காட்டினேன். அவருக்கே தெரியவில்லை, உடனே மாற்றி மாட்டினார். நல்ல மனிதர்.

அதே கடையில் பட்டையை வைத்தும் ஒரு பரிசோதனை செய்தோம். வண்டியைக் கட்டும் பட்டையை வழக்கம்போல் இறுக்கி ஒருமுறை, ராட்செட் போகிற வரைக்கும் இறுக்கி ஒருமுறை. டயர் ரோலரில் அமுங்கிப் போய் 4 எச்பி குறைந்தது. டயர் காற்றையும் எழுதி வையுங்கள், அதுவும் எண்ணை நகர்த்தும்.

17 செப்டம்பர் 2023

தம்பி இன்று போனில் பேசும்போது வாய்தவறிச் சொன்னார்: மே மாதம் சென்னை டைனோவுக்குப் போகும்போது டேங்கில் இருந்தது சாதா பெட்ரோல். பெங்களூருக்காரர் கட்டாயப்படுத்தி 95 ஆக்டேன் போடச் சொல்லியிருக்கிறார்.

தம்பி, இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டும். அன்றைய சாதா பெட்ரோல் 91 ஆக்டேன். ரீமேப் செய்த டர்போ இன்ஜின், 34 டிகிரி வெயில், 91 ஆக்டேன். நாக் சென்சார் (பெட்ரோல் தாறுமாறாக வெடித்துத் தட்டுவதைக் கேட்கும் கருவி) சும்மா இருக்காது, ஈசியு இக்னிஷன் டைமிங்கைப் பின்னுக்கு இழுத்திருக்கும், பலம் குறைந்திருக்கும். அப்படியானால் சென்னையின் 123 என்பது அந்த ஃபைலின் முழு எண்ணே இல்லை.

அதைவிட என்னைக் குடைவது வேறு. பெங்களூரு இயந்திரம் மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும் என்று சிட்டியை வைத்து நானே எழுதினேன். அப்படியானால் அங்கே வந்த 125, சென்னைத் தராசில் 129 ஆகியிருக்க வேண்டும். இந்த ஆறு எச்பி எங்கே போனது என்று ஜூலையிலேயே கேட்டிருக்க வேண்டும். 141ஐ உடைத்ததிலேயே கவனமாக இருந்து, மிச்சத்தைப் பார்க்காமல் விட்டுவிட்டேன். பெட்ரோலா, வெயிலா, பெங்களூரு ஃபைலா? இப்போது இருக்கும் தாள்களை வைத்துச் சொல்ல முடியாது. திரும்ப ஏற்றித்தான் ஆக வேண்டும்.

22 அக்டோபர் 2023

டைனோவுக்குச் செலவழிக்க முடியாதவர்களுக்கு. ஆளில்லாத, சமமான, நேரான ரோடு. மூன்றாவது கியர், 60லிருந்து 100 வரை நேரம் பாருங்கள். போக ஒருமுறை, அதே இடத்தில் திரும்பி வர ஒருமுறை, இரண்டின் சராசரி. காற்றும் சரிவும் அடிபட்டுப் போகும். போன் ஜிபிஎஸ் நொடிக்கு ஒருமுறைதான் பார்க்கும், போதாது. நொடிக்குப் பத்து முறை பார்க்கும் பெட்டி வேண்டும்.

ஆளோடு சேர்த்து 1200 கிலோ வண்டி, 60லிருந்து 100க்கு 5 வினாடி என்றால், வேகமெடுப்பதற்கு மட்டும் சராசரி 79 எச்பி செலவாகியிருக்கிறது. காற்றுத் தடையும் டயர் இழுவையும் தனி. இது உச்ச எச்பி இல்லை, அந்த ஆர்பிஎம் பரப்பின் சராசரி. ரோட்டில் நமக்குத் தேவைப்படுவதும் அதுதான் என்பது என் கருத்து. பாதி டேங்க், அதே ஆள், அதே நேரம். நண்பனைப் பக்கத்தில் உட்கார வைத்தால் கணக்கு கெட்டுவிடும்.

7 ஜனவரி 2024, ஞாயிறு

திரும்ப ஏற்றினோம். சென்னை, அதே டைனோ, அதே நாலாவது கியர். நான் முந்தின நாளே சிட்டியை எடுத்துக்கொண்டு கோவையிலிருந்து வந்துவிட்டேன். மார்கழிக் காலை ஏழு மணி, 25 டிகிரி. கரெக்‌ஷன் ஃபேக்டர் திரையில் 1.00. நான் இத்தனை வருடத்தில் பார்த்ததிலேயே அழகான எண். அன்று பெருக்கினாலும் பெருக்காவிட்டாலும் ஒன்றுதான்.

முதலில் கல் தொங்கவிட்டோம். கடைக்காரரே கையும் கல்லும் எடுத்து வைத்திருந்தார். 196க்கு 195 காட்டியது. போதும்.

அப்புறம் சிட்டி. 101. 2022 ஏப்ரலில் 102. தராசு மாறவில்லை.

அப்புறம் போலோ. 95 ஆக்டேன், நாலு டயரிலும் ஒரே காற்று, பட்டை ஒரே இறுக்கம், ஒவ்வொரு இழுவைக்கும் நடுவே ஐந்து நிமிடம் ஃபேன். சென்னை ஃபைலும் பெங்களூரு ஃபைலும் கம்பெனி ஃபைலும் லேப்டாப்பில் தயாராக இருந்தன. ஒவ்வொன்றையும் ஏற்றி மூன்று முறை இழுத்தோம்.

கம்பெனி ஃபைல்: 102, 102, 101.
சென்னை ஃபைல்: 130, 130, 129.
பெங்களூரு ஃபைல்: 131, 130, 130.

சென்னைக்காரர் 28 எச்பி கூட்டிக் கொடுத்திருக்கிறார். பெங்களூருக்காரரின் உச்ச எண்ணில் கூடுதலாக எதுவும் இல்லை. ஆனால் இதையும் எழுதியாக வேண்டும்: இரண்டு கிராஃபையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்தால், பெங்களூரு ஃபைலில் டார்க் (சுழற்றும் விசை) 200 ஆர்பிஎம் முன்னாலேயே முழுதாக வந்துவிடுகிறது. டவுன் ஓட்டத்துக்கு அதுதான் நன்றாக இருக்கிறது என்று தம்பி அதையே வைத்துக்கொண்டார். அவர் வாங்கிய காசுக்கு வேலை செய்திருக்கிறார், தாளில் இருந்த 141தான் அந்த வேலையைத் தப்பாகச் சொன்னது.

பெங்களூரு ஃபைல் இங்கே 130. அந்த இயந்திரத்தின் மூன்று சதவீதத்தைக் கழித்தால் 126. அங்கே ஜூனில் பெருக்காமல் வந்தது 125.

தம்பி சென்னைக்காரரிடம் பணம் கேட்கவில்லை. மூன்று பேரும் எதிர்க்கடையில் பொங்கல் சாப்பிட்டோம், பில்லைத் தம்பி கொடுத்தார்.